டைட்டில் கார்டு அண்ணாச்சி

டீக்கடையில் பழைய பாட்டு ஒன்று ஆரம்பித்து, முதல் வயலின் இழுப்பு முடிவதற்குள் அண்ணாச்சி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போக இன்னும் நாலு விநாடிதான் அவகாசம். விவரம் தெரிந்தவர்கள் காசைக் கல்லாவில் வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள். பெஞ்சில் மிச்சம் இருப்பது வெளியூர்க்காரராக இருக்கும், அல்லது காலில் மாவுக்கட்டுப் போட்டவராக இருக்கும்.

“இது என்ன படம்? சொல்லும் பாப்போம்.”

பதிலுக்காகக் கேட்கிற கேள்வி அல்ல இது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, அடுத்த அரை மணி நேரத்துக்கு உங்களைப் பிடித்துப் போட்டாயிற்று. ‘தெரியலையே’ என்றால் அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிடும். தப்பித்தவறி நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டாலோ, அந்த முகம் ஒரு கணம் வாடும். “அது கெடக்கட்டும். வருஷம்?” என்பார். வருஷத்தையும் சொன்னால், “எழுதினது?” அதற்கும் பதில் வந்தால், “என்ன ராகம்?” அங்கேயும் நீங்கள் விழவில்லை என்றால் கடைசி அஸ்திரம் புறப்படும். “ரெண்டாவது சரணத்துக்கு முன்னால அக்கார்டியன் வருது பாத்தீரா? வாசிச்சது யாரு?”

அந்த இடத்தில் எவரும் விழுந்துதான் ஆகவேண்டும். “மங்களமூர்த்திவே!” என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடிப்பார். எம்.எஸ்.விஸ்வநாதன் குழுவில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்திக்கு, இப்படி ஒரு டீக்கடையில் தம் பெயர் இவ்வளவு சத்தமாகச் சொல்லப்படும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

அண்ணாச்சி என்று நான் சொல்வது ஒரு ஆளை அல்ல. எங்கள் தெற்குச் சீமையில் அண்ணாச்சி. கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் ‘ஏனுங்க, இது யாரு பாட்டுன்னு தெரியுமுங்களா’ என்று மரியாதையாகக் கேட்பார். சென்னையில் அவரே ஷேர் ஆட்டோவில் முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவரின் ஸ்பீக்கரைத் திருத்திக்கொண்டு வருவார். ஆள் மாறும், கேள்வி மாறாது. பெரும்பாலும் ஏதாவது ஒரு அலுவலகத்தில் காலமெல்லாம் பேரேடு எழுதியவராக இருப்பார். மனசுக்குள்ளும் அதே பேரேடுதான்: படம், கம்பெனி, டைரக்டர், இசை, பாடல், பாடியவர், வெளியான தேதி. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது.

சினிமாவுக்கு அவர் தாமதமாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. டைட்டில் ஓடும்போது முன் வரிசையில் தலை மறைத்தவரிடம் சண்டை போட்டிருக்கிறார். டைட்டில் முடிந்து ‘டைரக்‌ஷன்’ வந்ததும் சட்டைப் பித்தானைத் தளர்த்தி, சாய்ந்து, கண்ணை மூடிவிடுவார். அவரைப் பொறுத்தவரை படம் அங்கேயே முடிந்துவிட்டது. ஒரே ஒரு படத்துக்குத்தான் கடைசிவரை விழித்திருந்தார். வீணை எஸ்.பாலசந்தர் எடுத்து இசையும் அமைத்த ‘பொம்மை’, 1964. அதில் கதை முடிந்தபிறகு பாலசந்தரே திரையில் தோன்றி, படத்தில் வேலை செய்தவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவார். தமிழ் சினிமாவில் வந்த உருப்படியான கிளைமாக்ஸ் அது ஒன்றுதான் என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு. போதாக்குறைக்கு யேசுதாஸ் தமிழுக்கு வந்ததும் அதே படத்தில். அதே பாலசந்தர் 1954-ல் ‘அந்த நாள்’ என்று பாட்டே இல்லாத படம் எடுத்தாரே, அதற்கு அண்ணாச்சி என்ன செய்வார் என்று கேட்கலாம். “பாட்டே இல்லாம வந்த மொதத் தமிழ்ப் படம் எது?” என்று கேட்பார். அவரிடம் எதுவும் வீணாவதில்லை.

இந்தப் படிப்பு எங்கே கிடைத்தது என்றால், முதலில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் பார்க்கச் சொல்லும் அந்தச் சாணித்தாள் புத்தகங்களை இன்றைக்கும் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருப்பார். மேல்படிப்பு இலங்கை வானொலி. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் திருச்சி நிலையத்தைவிடக் கொழும்புதான் துல்லியமாகக் கேட்கும். கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் பாட்டைப் போடுகிற அழகே தனி. படம், பாடியவர்கள், இயற்றியவர், இசை என்று வரிசை பிசகாமல் சொல்லிவிட்டுத்தான் முள்ளை வைப்பார்கள். அண்ணாச்சி அந்த அறிவிப்பை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடிப்பதற்குள் பாட்டில் பாதி ஓடிவிடும். மீதிப் பாட்டில், எழுதியதைச் சரிபார்ப்பார்.

நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நேயர்களுக்கு நடுவில் தம் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டதைக் கேட்டவர் அவர். பத்தாம் வகுப்பில் எத்தனை மார்க் என்று கேட்டால் சொல்லமாட்டார். அந்த அஞ்சலட்டையைப் பெட்டியில் போட்ட கிழமையைச் சொல்வார்.

அவரிடம் மாட்டிக்கொள்ள எத்தனையோ வழி இருந்தாலும் இரண்டு குழிகள் ரொம்பப் பிரசித்தம். முதல் குழி, ‘எம்.எஸ்.வி. பாட்டு’ என்று சொல்வது. நீங்கள் சொன்னது 1965-க்கு முந்திய பாட்டாக இருந்தால் தீர்ந்தது.

“யாரு பாட்டு?”

“எம்.எஸ்.வி.”

“இன்னொரு ஆளு எங்க போனாரு?”

“எந்த ஆளு?”

“ராமமூர்த்திவே! டி.கே.ராமமூர்த்தி! ரெண்டு பேரு சேந்து போட்டதை ஒருத்தர் கணக்குல எழுதுதீரே, இது நியாயமா?” என்று ஆரம்பித்தால், 1952-ல் என்.எஸ்.கிருஷ்ணன் எடுத்த ‘பணம்’ படத்தில் இருவரும் சேர்ந்தது முதல், 1965-ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தது வரை வந்து, முப்பது வருஷம் கழித்து ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் மறுபடி சேர்ந்ததில் போய் நிற்பார். சொந்தப் பங்காளிக்குச் சேரவேண்டிய சொத்துக்காகக்கூட அவர் இவ்வளவு வாதாடியதில்லை என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

இரண்டாவது குழி கண்ணதாசன். பாட்டு நன்றாக இருந்தால் கண்ணதாசன் எழுதியது என்று சொல்லிவிடுவது நம் ஆட்களுக்கு வழக்கம். ‘படகோட்டி’ பாட்டு எதையாவது அப்படிச் சொல்லிப் பாருங்கள். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவார். “வாலிவே. அத்தனை பாட்டும் வாலி. கற்பகமும் அப்படித்தான்.” இதைச் சொல்லும்போது குரலில் ஒரு துயரம் இருக்கும், வாலியே அவரிடம் வந்து முறையிட்டுப் போனதுபோல. இது நியாயமான கோபம் என்பதால் நான் இதில் அண்ணாச்சி பக்கம்.

ஒரு அண்ணாச்சியைச் சமாளித்துவிடலாம். இரண்டு அண்ணாச்சிகள் ஒரே இடத்தில் சந்திப்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தில் நான் பார்த்தேன். மேடையில் மெல்லிசைக் கச்சேரி, கீழே முதல் பந்தி. எங்கள் அண்ணாச்சி பெண் வீட்டுக்காரர். மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். அந்த வேனில் அவர்களுடைய அண்ணாச்சியும் வந்திருந்தார். இனம் இனத்தை எப்படியோ கண்டுகொண்டது. வெற்றிலைத் தட்டு பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி நெருங்கின.

“எஸ்.பி.பி. தமிழ்ல மொதப் பாடுன பாட்டு எது? அடிமைப்பெண்ணுன்னு சொல்லிராதீக” என்று மதுரைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக இறங்கினார்.

எங்கள் அண்ணாச்சி அசரவில்லை. “மொதல்ல வெளிவந்தது அடிமைப்பெண். 1969, மே மாசம் ஒண்ணாந் தேதி. ஆனா, மொதல்ல பதிவானது சாந்தி நிலையம். அந்தப் படம் அதே மாசம் இருபத்து மூணாந் தேதிதான் வந்துச்சு. இதைத்தானே கேட்டீரு?”

மதுரைக்காரர் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. “அதுக்கும் முந்தி ஓட்டல் ரம்பான்னு ஒரு படம். எல்.ஆர்.ஈஸ்வரிகூட டூயட். எம்.எஸ்.வி.தான். படம் வரவே இல்ல.”

“வராத படத்துப் பாட்டு என்னய்யா பாட்டு?”

“படம் வராட்டி பாட்டு பாடலைன்னு ஆயிருமா? கொரலு பதிவாச்சுல்ல?”

“யாரு காதுல விழுந்துச்சு?”

“எம்.எஸ்.வி. காதுல விழுந்துச்சுல்ல!”

இந்த இடத்தில் விவகாரம் சினிமாவை விட்டுத் தத்துவத்துக்குப் போய்விட்டது. பாடுவது பாட்டா, பதிவாவது பாட்டா, ஊர் கேட்பது பாட்டா? சைவ சித்தாந்த மடத்தில் நடந்திருந்தால் புத்தகமாகப் போட்டிருப்பார்கள். எங்கள் அண்ணாச்சி பக்கவாட்டில் ஒரு தப்பும் வழி கண்டுபிடித்தார். “அப்படிப் பாக்கப் போனா, அவரு மொத மொதல்ல பாடினது தெலுங்குல. 1966. கோதண்டபாணி இசை. அந்த நன்றிக்குத்தான் பின்னால ரெக்கார்டிங் தியேட்டருக்குக் கோதண்டபாணி பேரை வச்சாரு.” மதுரைக்காரர், “நான் தமிழுன்னுதான கேட்டேன்” என்று பிடியை விடவில்லை.

பிறகு எப்படியோ பேச்சு டைபாய்டுக்கு வந்தது. அடிமைப்பெண் பாட்டுக்கு ஏற்பாடானபிறகு எஸ்.பி.பி.க்கு டைபாய்டு வந்ததும், புதுப் பையன்தானே என்று வேறு ஆளைப் போடாமல் எம்.ஜி.ஆர். அவருக்காகக் காத்திருந்ததும் ஊரறிந்த கதை. அதை இருவரும் ஒருவருக்கொருவர், தெரியாதவருக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டார்கள். இருவருக்கும் கண் கலங்கியது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் மூன்றாவது பந்தியும் முடிந்து, இருவருக்கும் சாம்பார் சாதமும் அப்பளமும்தான் மிஞ்சியது.

இதில் ஒரு விஷயம். அவர்கள் கண்கலங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மேடையில் ஒரு கல்லூரிப் பையன் அதே அடிமைப்பெண் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான். நன்றாகவே பாடினான். இரண்டு பேருமே கேட்கவில்லை.

அண்ணாச்சியின் வீட்டில் மதினிக்கு இந்த நோய் இல்லை. அவர்கள் சும்மா பாடுவார்கள். மாவு சலிக்கும்போது, துணி மடிக்கும்போது, பிள்ளையைத் தூங்கப்பண்ணும்போது. ‘பாலும் பழமும்’ படத்தில் சுசீலா பாடியதை எடுத்தால் பல்லவி, சரணம், நடுவில் வருகிற ஹம்மிங் எல்லாம் இடம் தவறாமல் வரும். வயலினுக்குப் பதிலாகத் தாங்களே ‘லலலா’ போட்டுக்கொள்வார்கள். அண்ணாச்சி திண்ணையிலிருந்து குரல் கொடுப்பார்.

“1961. பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும். மூணும் ஒரே வருஷம், மூணும் பீம்சிங், மூணும் சிவாஜி. மூணுக்கும் விஸ்வநாதன்–ராமமூர்த்தி.”

உள்ளே சலிப்பு நிற்காது, பாட்டும் நிற்காது.

“பாடகிக்குன்னு தேசிய விருது மொத மொதக் குடுத்ததே சுசீலாம்மாவுக்குத்தான். உயர்ந்த மனிதன்.”

“நல்லா இருக்கட்டும். ரெண்டாவது சரணம் எப்படித் தொடங்கும், சொல்லுங்க பாப்போம்?”

அண்ணாச்சி வாசலில் போகிற தபால்காரரைக் கூப்பிட்டு ஏதோ விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். ஏனென்றால் அவருக்குத் தெரியாது. ஒரு பாட்டின் இரண்டாவது சரணம்கூட முழுசாகத் தெரியாது. பாட்டைச் சுற்றி இருக்கிற வேலி, வரப்பு, சர்வே நம்பர், பட்டாதாரர் எல்லாம் அத்துப்படி. வயலுக்குள் இறங்கியதில்லை. “ரேஷன்ல சீனி போடுதானாம், கார்டை எடுத்துட்டுப் போங்க” என்று மதினி சொன்னதும், மறந்துபோய் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

துக்க வீட்டிலாவது சும்மா இருப்பாரா? இருப்பதாகத்தான் உத்தேசம். வாசலில் வந்து, துண்டைத் தோளிலிருந்து இறக்கி, மூத்த மகனிடம் கை நீட்டிவிட்டு, பெஞ்சில் வந்து தலையைக் குனிந்து உட்கார்வார். பந்தல் ஸ்பீக்கரில், எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் தவறாமல் ஒலிக்கிற அந்த டி.எம்.எஸ். பாட்டு வரும். தலை நிமிராது, உதடு மட்டும் அசையும். பக்கத்தில் இருப்பவர் இறந்தவரைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று காதைக் கொடுத்தால், “பாத காணிக்கை, 1962. கண்ணதாசன்” என்று கேட்கும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சிலருக்குச் சோகத்தில் கை நடுங்கும், இவருக்கு வருஷம் வரும்.

அண்ணாச்சிகளுக்குள் சாதிப் பிரிவும் உண்டு. ராக அண்ணாச்சி என்று ஒருவர். ‘கவிக்குயில்’ படத்தில் பாலமுரளி பாடியதைக் கேட்டால் “ரீதிகௌளை” என்று கண்ணை மூடுவார். ‘சிந்து பைரவி’யில் ஒரு பாட்டை அவரோகணமே இல்லாமல் கல்யாணியின் ஆரோகணத்திலேயே இளையராஜா போட்டிருக்கிறார் என்பதை, பக்கத்து வீட்டு வாடகைதாரர் காலிசெய்துவிட்டுப் போகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரே பாடிக் காட்டும்போது மட்டும் எல்லா ராகமும் ஒன்றாகவே கேட்கும்.

ராஜா கட்சி அண்ணாச்சி வேறு. 1976-ல் ‘அன்னக்கிளி’ முதல் பாட்டைப் பதிவுசெய்யத் தொடங்கியதும் கரண்ட் போன கதை அவர்களுக்குத் தல புராணம். சொல்லும் நேரத்தில் நம் வீட்டு டியூப்லைட் சிமிட்டினால்கூட அர்த்தத்தோடு பார்ப்பார்கள். 2002-ல் பி.பி.சி. உலகம் முழுக்க வாக்கெடுத்து வெளியிட்ட பத்துப் பாட்டில் ‘தளபதி’ பாட்டு நாலாவதாக வந்ததை, தானே ஓட்டு எண்ணியவர் மாதிரி சொல்வார்கள். முதல் இடம் ஒரு அயர்லாந்துப் பாட்டுக்குப் போனதை இன்றுவரை ஏற்கவில்லை. ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்துக்கு எம்.எஸ்.வி.யும் ராஜாவும் சேர்ந்து இசை என்பதால், எது யார் மெட்டு, எது யார் வாத்தியச் சேர்ப்பு என்ற பாகப்பிரிவினை வழக்கு இந்தக் கட்சிக்கும் பழைய கட்சிக்கும் 1986 முதல் நிலுவையில் இருக்கிறது.

ரகுமான் காலத்துத் தம்பிகள் காதில் வயரோடு வருவார்கள். அண்ணாச்சி என்று கூப்பிட்டால் கோபம் வரும். ‘பம்பாய்’ படத்துத் தீம் இசையில் புல்லாங்குழல் நவீன் என்பார்கள். கேசட் அட்டையில் பார்த்தது. அந்தக் கேசட் அட்டைகளில்தான் வாசித்தவர்கள் பெயரைப் பொடி எழுத்தில் போட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு இருந்த அண்ணாச்சிகளுக்கு அந்த வசதி கிடையாது. ரெக்கார்டிங் தியேட்டர் வாசலில் டீ விற்றவர், மேடைக் கச்சேரியில் கிட்டார் வாசித்தவரின் மைத்துனர் என்று ஆள் பிடித்து, கேட்டுக் கேட்டுச் சேர்த்தார்கள்.

இப்போது போன் வந்துவிட்டது. பாட்டுக்கு நேரே நீட்டினால் பேரைச் சொல்லிவிடும். அண்ணாச்சியின் தொழில் படுத்துவிடும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். நடந்தது வேறு. அந்தச் செயலிகளில் பாடகர் பெயர் இருக்கும், பாடலாசிரியர் பெயர் பல நேரம் இருக்காது. வருஷம் என்று போட்டிருப்பது, யாரோ பழைய பாட்டையெல்லாம் தொகுத்துப் புதிதாக வெளியிட்ட வருஷமாக இருக்கும். அறுபதுகளில் வந்த பாட்டுக்குப் பக்கத்தில் 2014 என்று கண்டால் அண்ணாச்சிக்கு ரத்தம் கொதிக்கும், ஆனால் சந்தோஷத்தில். காலையில் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார். பேரன் போனை வாங்கி வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பூதக்கண்ணாடியும் பிடித்து, பிழை பொறுக்குகிறார். எட்டு மணிக்குள் நாலு பிழை சிக்கிவிட்டால் அன்றைக்கு இட்லி இரண்டு கூடுதலாக இறங்குகிறது.

இவ்வளவு கேலி செய்தாலும் ஒரு இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. ராஜாவின் பாட்டுகளில் அருண்மொழி என்று ஒரு குரல் வருமே, அவரும் அதே குழுவில் புல்லாங்குழல் வாசித்த நெப்போலியனும் ஒரே ஆள்தான் என்று எனக்குச் சொன்னது எந்தப் புத்தகமும் அல்ல, அண்ணாச்சி. எத்தனையோ வருஷமாக என் மனசைப் பிசைந்த குழல் இடங்களுக்கு ஒரு முகம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் ஜானகியின் குரலோடு போட்டி போடும் நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம் என்று சொல்லும்போது, “அந்த ஊரு இங்கதான்வே இருக்கு, பஸ்ஸுல போனா வந்துரும்” என்று விரலை நீட்டுவார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தத் திசையில் திரும்பிப் பார்த்தோம். மதினி பாடுகிற பாட்டு மதினியோடு சந்தோஷமாக இருக்கும். வாசித்தவன் பெயர் அண்ணாச்சி மாதிரி ஒரு தொந்தரவு பிடித்த மனுஷன் வாயில்தான் மிஞ்சுகிறது. சம்பளத்தை அன்றன்றே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன வாத்தியக்காரர்களுக்கு, பல படங்களில், அந்தப் பெயர்கூடக் கிடைத்திருக்காது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டீக்கடையிலோ, ரயிலிலோ, சம்பந்தி வீட்டுத் திண்ணையிலோ ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு “இது என்ன படம், சொல்லும் பாப்போம்” என்றால், எழுந்து ஓடாதீர்கள். தெரிந்தாலும் “தெரியலையே அண்ணாச்சி” என்று சொல்லுங்கள். செலவு ஒன்றுமில்லை. அக்கார்டியன் வரைக்கும் போகாமல் வருஷத்தோடு விட்டுவிடுவார், நீங்களும் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ரொம்ப வற்புறுத்தினால், இசை எம்.எஸ்.வி. என்று சொல்லுங்கள். ஆனால் 1965-க்கு முந்தின பாட்டாக இருந்தால், தயவுசெய்து ராமமூர்த்தியை விட்டுவிடாதீர்கள்.